கோட்டையும் கண்மாயும்

(முன்னாள் மாணவர் சங்க மறுசந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நம் செயலாளர் அண்ணன் போன் பண்ணி, "நீ கவர்மெண்ட்ல இருக்கே. நம்ம பசங்கள்ல பாதிப் பேருக்கு மாநில அரசு எப்படி ஓடுதுன்னே தெரியாது. அதைப் பத்திப் பேசு. ஆனா அரசியல் மட்டும் பேசிடாதே" என்றார். நான் அரசு ஊழியன். கட்சி பேச எனக்கு அனுமதியும் கிடையாது, ஆசையும் கிடையாது. ஆகவே அண்ணன் பயப்பட வேண்டாம்.

நம் செட்டில் அறுபது பேர் படித்தோம். பெரும்பாலானவர்கள் சாப்ட்வேரில் இருக்கிறார்கள், சிலர் வெளிநாட்டில். நான் டி.என்.பி.எஸ்.சி. எழுதிப் பொதுப்பணித் துறையில் உதவிப் பொறியாளராகச் சேர்ந்தேன். ஒவ்வொரு தடவை சந்திக்கும்போதும் நண்பர்கள் என்னிடம் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "ஏண்டா, ஆட்சி மாறினா உங்க ஆபீஸ்ல எல்லாமே மாறிடுமா?" இன்னொரு கோஷ்டி, "எந்த ஆட்சி வந்தா என்ன, ஒண்ணும் மாறாது" என்று முடித்துவிடும். இரண்டுமே பாதி உண்மை. மாநில அரசில் மாறுகிற பாதி ஒன்று இருக்கிறது, மாறாத பாதி ஒன்று இருக்கிறது. நாம் ஓட்டுப் போடுவது மாறுகிற பாதிக்கு. மாறாத பாதியிடம் வேலை வாங்க வேண்டுமென்றால் எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரிந்திருக்க வேண்டும். இதைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

முதலில் மாறுகிற பாதி. தமிழ்நாடு சட்டப்பேரவைக்கு 234 தொகுதிகள். 1967 தேர்தலிலிருந்து இந்த எண் மாறவில்லை. இவற்றில் 44 தனித் தொகுதிகள் ஆதிதிராவிடருக்கு. ஏற்காடு, சேந்தமங்கலம் இரண்டும் பழங்குடியினருக்கு. முன்பு மேலவை என்று இன்னொரு சபையும் இருந்தது. 1986 நவம்பர் 1ஆம் தேதி அது கலைந்தது. ஆங்கிலோ இந்தியர் சார்பில் ஒருவரை நியமிக்கும் வழக்கமும் 104ஆவது திருத்தத்தால் 2020 ஜனவரியோடு முடிந்தது. ஆக, பேரவையில் உட்காருகிற அத்தனை பேரும் மக்கள் ஓட்டில் வந்தவர்கள்.

234இல் பாதிக்கு மேல் என்றால் 118. அந்தப் பலம் உள்ளவரை ஆளுநர் முதலமைச்சராக நியமிக்கிறார். முதலமைச்சர் சொல்கிறபடி மற்ற அமைச்சர்கள். எத்தனை பேரை வேண்டுமானாலும் அமைச்சராக்கலாம் என்பதெல்லாம் பழைய கதை. 2003இல் வந்த 91ஆவது திருத்தப்படி, பேரவை எண்ணிக்கையில் நூற்றுக்குப் பதினைந்துக்கு மேல் போகக் கூடாது. கணக்குப் போட்டால் முதலமைச்சரையும் சேர்த்து 35 பேர். எம்.எல்.ஏ.வாக இல்லாதவரும் அமைச்சராகலாம். ஆனால் ஆறு மாதத்துக்குள் ஜெயித்து வர வேண்டும்.

ஆளுநர் பெயரில்தான் அரசாணை வரும். ஆனால் முடிவெடுப்பது அமைச்சரவை. அமைச்சரவை பேரவைக்குப் பதில் சொல்லியாக வேண்டும். பலம் இருக்கிறதா இல்லையா என்பதை ராஜ்பவனில் தலையெண்ணித் தீர்மானிக்கக் கூடாது, பேரவையில்தான் வாக்கெடுக்க வேண்டும் என்று 1994இல் பொம்மை வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதற்கு முன் 1976, 1980, 1988, 1991 என்று நான்கு தடவை நம் மாநிலத்தில் குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது. மூத்தவர்களுக்கு நினைவிருக்கும்.

இனி மாறாத பாதி. கோட்டையில் தலைமைச் செயலகம். துறைக்கு ஒரு செயலாளர். கொள்கை, நிதி ஒதுக்கீடு, அரசாணை எல்லாம் அங்கே. செயலகத்துக்கு வெளியே துறைத் தலைமைகள். எங்கள் துறையில் தலைமைப் பொறியாளர், அவருக்குக் கீழே கண்காணிப்புப் பொறியாளர், செயற்பொறியாளர், உதவி செயற்பொறியாளர், கடைசியில் வயலில் நிற்கிற உதவிப் பொறியாளர். மாவட்டத்தில் கலெக்டர், கோட்டாட்சியர், வட்டாட்சியர், கிராம நிர்வாக அலுவலர் என்று வருவாய்த்துறைக்குத் தனி ஏணி. 2020இல் மயிலாடுதுறை பிரிந்தபோது மாவட்டங்கள் 38 ஆயின.

இந்த இரண்டு பாதியையும் இணைப்பது பணம். பேரவையின் ஒப்புதல் இல்லாமல் அரசு கஜானாவிலிருந்து ஒரு ரூபாயும் எடுக்க முடியாது. மானியக் கோரிக்கை என்று பேப்பரில் படிக்கிறீர்களே, அது துறைவாரியாக அரசு பேரவையிடம் பணம் கேட்பது. பேரவை தந்த பணத்தைச் சரியாகச் செலவழித்தோமா என்று பின்னால் தணிக்கைத் துறை வந்து பார்க்கும்.

எம்.எல்.ஏ. எனக்கு மேலதிகாரி அல்ல. "இந்த மடையை நாளைக்கே கட்டு" என்று அவர் எனக்கு உத்தரவு போட முடியாது. ஆனால் பேரவையில் எழுந்து அமைச்சரிடம் ஒரு கேள்வி கேட்டால், ஆறு மாதமாகத் தூங்கின கோப்பு ஒரே வாரத்தில் என் மேஜைக்கு வந்துவிடும். அவர் பலம் அங்கே இருக்கிறது. பலருக்கு இது தெரியாததால், கல்யாணத்துக்கு வரவில்லை, காதுகுத்துக்கு வரவில்லை என்று எம்.எல்.ஏ.வை எடைபோடுகிறோம். பேரவையில் எத்தனை கேள்வி கேட்டார் என்று யாரும் பார்ப்பதில்லை.

சரி, இதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. நடைமுறையில் எப்படி என்பதற்கு நான் பார்த்த ஒரு சம்பவம். தென் மாவட்டத்தில் ஒரு சின்னக் கண்மாய். மடையில் ஷட்டர் துருப்பிடித்துப் போய், பக்கத்துக் கட்டுமானமும் விரிசல் விட்டு, மழைக்கு நிறைகிற தண்ணீர் தை மாதத்துக்குள் ஒழுகிப் போய்விடும். நெல்லுக்குக் கடைசி இரண்டு தண்ணீர் இருக்காது. 2018இலிருந்து விவசாயிகள் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்துக்கு மனு எழுதிக்கொண்டே இருந்தார்கள். இரண்டு சாகுபடி கருகிப் போயிற்று. நகையை அடகு வைத்தவர்கள் உண்டு. திருப்பூருக்குக் குடும்பத்தோடு வேலைக்குப் போனவர்களும் உண்டு.

மனு ஏன் நகரவில்லை? முதல் காரணம், அப்போது ஒன்றியத்தில் மக்கள் தேர்ந்தெடுத்த ஒருவர்கூட இல்லை. 2016 அக்டோபரில் உள்ளாட்சிப் பதவிக்காலம் முடிந்தது. ஊரகத் தேர்தல் நடந்தது 2019 டிசம்பரில். நடுவில் மூன்று வருஷத்துக்கு மேல் தனி அலுவலர்கள்தான். இரண்டாவது காரணம் இன்னும் எளிது. அது ஒன்றியத்தின் கண்மாயே இல்லை. ஆயக்கட்டு நூறு ஏக்கருக்குக் குறைவாக இருந்தால் கண்மாய் ஒன்றியத்துக்கு. மேலே இருந்தால் எங்கள் துறைக்கு. இந்தக் கண்மாய்க்கு ஆயக்கட்டு 140 ஏக்கர். "இது எங்களுடையது அல்ல" என்று ஒரு வரி எழுதி மனுவை எங்களுக்கு அனுப்பியிருக்கலாம். யாரும் அனுப்பவில்லை.

2019 டிசம்பர் தேர்தலில் ஜெயித்து வந்த ஊராட்சித் தலைவர் ஒரு பெண்மணி. எட்டாவது வரை படித்தவர். அவர் செய்தது ஒரே காரியம். கிராம நிர்வாக அலுவலரிடம் போய், "இந்தக் கண்மாய்க்கு ஆயக்கட்டு எத்தனை ஏக்கர்னு எழுதிக் குடுங்க" என்று கேட்டு வாங்கி, நேரே எங்கள் ஆபீசுக்கு வந்துவிட்டார். "சார், இது உங்க கண்மாயாம்ல?" என்று தாளை நீட்டினார். இரண்டு வருஷ மனுக்களால் ஆகாதது அந்த ஒரு தாளால் ஆயிற்று.

போய்ப் பார்த்தேன், லெவல் எடுத்தேன், எஸ்டிமேட் போட்டேன். கொரோனா வந்து பல மாதம் போயிற்று. நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, டெண்டர் எல்லாம் முடிந்து ஒப்பந்தக்காரருக்கு வேலை உத்தரவு கொடுத்தது 2021 பிப்ரவரி மாதம். கண்மாய் வற்றியிருக்கும், வேலைக்கு அதுதான் நேரம். பிப்ரவரி 26ஆம் தேதி சாயங்காலம் சட்டமன்றத் தேர்தல் அறிவிப்பு வந்தது. நடத்தை விதி அந்த நிமிஷமே அமலுக்கு வந்துவிடும். நடக்கிற வேலை நடக்கலாம். ஆனால் உத்தரவு கொடுத்தும் களத்தில் தொடங்காத வேலையைத் தொடங்கக் கூடாது. ஓட்டு எண்ணிக்கை மே 2ஆம் தேதி. அறுபத்தைந்து நாள்!

ஒரு பெரியவர் வந்து கேட்டார்: "தம்பி, எலெக்சன் கோட்டைக்கு. கண்மாய் எங்க ஊருல கெடக்கு. ரெண்டுக்கும் என்னய்யா சம்பந்தம்?" நியாயமான கேள்வி. ஓட்டுக்கு முந்தின வாரம் ஊருக்குள் ஜே.சி.பி. இறங்கினால் அதுவும் ஒரு பிரசாரம்தான், ஆளுகிறவருக்கு மட்டும் கிடைக்கிற பிரசாரம், அதனால்தான் இந்த விதி என்று சொன்னேன். தலையாட்டினார். முழுக்க ஏற்றுக்கொண்டாரா என்று தெரியாது. அவருக்கு ஐப்பசி மழைக் கவலை.

இப்போது பாருங்கள். மே 7ஆம் தேதி புதிய அரசு பதவியேற்றது. முதல்வர் மாறினார், அமைச்சர் மாறினார். பொதுப்பணித் துறையிலிருந்து நீர்வளத் துறை தனியாகப் பிரிந்தது. எங்கள் ஆபீஸ் வாசலில் போர்டே மாறியது. பழைய அரசு பிப்ரவரி 23இல் இடைக்கால பட்ஜெட் போட்டிருந்தது. புதிய அரசு ஆகஸ்ட் 13இல் திருத்திய பட்ஜெட் போட்டது. அந்தக் கண்மாய்க் கோப்பு? அப்படியே இருந்தது. பழைய அரசு கொடுத்த அனுமதியில், புதிய அரசின் காலத்தில், ஊரடங்கு தளர்ந்ததும் ஜூனில் வேலை தொடங்கி ஆகஸ்டில் முடித்தோம். அந்த வருஷ வடகிழக்குப் பருவமழை வெளுத்து வாங்கியது. மாசி வரை மடையில் தண்ணீர் நின்றது. மாறுகிற பாதி, மாறாத பாதி என்று சொன்னேனே, அது இதுதான்.

அடுத்து, தேர்தல் நாளில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். தேர்தல் வந்துவிட்டால் கலெக்டர்தான் மாவட்டத் தேர்தல் அலுவலர். எங்களையெல்லாம் தேர்தல் ஆணையத்தின் அயல்பணியில் இருப்பதாகச் சட்டம் கருதுகிறது. சம்பளம் மாநில அரசு, கட்டளை ஆணையம். 2016, 2021 இரண்டிலும் நான் மண்டல அலுவலர். பத்துப் பன்னிரண்டு வாக்குச்சாவடிகளுக்கு முதல்நாளே மெஷின்களைக் கொண்டுபோய்ச் சேர்த்து, மறுநாள் இரவு பத்திரமாகத் திரும்பக் கொண்டுவர வேண்டும். 2021இல் கொரோனாவுக்காகச் சாவடிக்கு இத்தனை பேர் என்று குறைத்ததால் மாநிலம் முழுக்க 88 ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாவடிகள்.

நாம் இன்ஜினியர்கள். மெஷின் என்றதும் நமக்குச் சந்தேகம் வரும், வரவும் வேண்டும். ஆனால் மெஷினை மட்டும் பார்க்காதீர்கள், அதைச் சுற்றி இருக்கிற கணக்கைப் பாருங்கள். காலையில் ஏஜென்டுகள் முன்னால் குறைந்தது ஐம்பது மாதிரி ஓட்டுப் போட்டு, எண்ணிக் காட்டி, அழித்து, அப்புறம்தான் சீல். ஓட்டுப் போட வருகிற ஒவ்வொருவரும் 17ஏ என்ற பதிவேட்டில் கையெழுத்தோ கைரேகையோ வைக்கிறார். முடிந்ததும் மெஷினில் எத்தனை ஓட்டு, சீல் நம்பர் என்ன என்று 17சி படிவத்தில் எழுதி, ஏஜென்டுகளுக்கும் ஒரு நகல். நம் துறையில் மெஷர்மென்ட் புக் இருக்கிறதே, அதே மாதிரி. எண்ணுகிற இடத்தில் மெஷின் காட்டுகிற மொத்தமும் அந்த 17சியும் ஒத்துப்போக வேண்டும். ஓட்டுப் போட்டதும் ஏழு விநாடி சீட்டு தெரிகிறதே, அதிலும் தொகுதிக்கு ஐந்து சாவடிகளைக் குலுக்கிப் போட்டு எடுத்து எண்ணிப் பார்க்கிறார்கள். 2019இல் உச்ச நீதிமன்றம் சொன்னது அது.

மெஷின் வருவதற்கு முந்தைய காலம் எப்படி என்பதற்கு மொடக்குறிச்சி ஒன்று போதும். 1996இல் அந்தத் தொகுதியில் 1,033 வேட்பாளர்கள்! தங்கள் குறைகளை யாரும் கேட்கவில்லை என்று விவசாயிகள் கூட்டம் கூட்டமாக மனு தாக்கல் செய்துவிட்டார்கள். வாக்குச்சீட்டைப் புத்தகமாக அச்சடிக்க வேண்டியதாயிற்று. தேர்தலே தள்ளிப்போனது. அதே ஆண்டில்தான் சட்டமன்ற டெபாசிட் 250 ரூபாயிலிருந்து 5,000 ஆனது, பிறகு 10,000. பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளர்களுக்கு அதில் பாதி.

"என் ஒரு ஓட்டால என்ன ஆயிடப் போகுது?" என்று கேட்கிற நண்பர்களுக்கு மூன்று எண்கள். 2021இல் தியாகராய நகரில் வெற்றி வித்தியாசம் 137 ஓட்டு. அதே ஆண்டு, அதே மொடக்குறிச்சியில் 281. 2016இல் இராதாபுரத்தில் வெறும் 49. இராதாபுரத்தில் வழக்கு நடந்தது. செல்லாது என்று ஒதுக்கிய தபால் ஓட்டுகள் 203. அவற்றில் சான்றொப்பமிட்ட தலைமையாசிரியர்கள் கெஜட்டட் அதிகாரிகள் இல்லை என்பது காரணம். 2019 அக்டோபரில் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி மறுபடி எண்ணினார்கள். முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. பதவிக்காலம் முடிந்து அடுத்த தேர்தலே வந்துவிட்டது. அந்தத் தபால் ஓட்டுகளைப் போட்டவர்கள் என்னைப்போலத் தேர்தல் வேலைக்குப் போனவர்கள். 49 வித்தியாசத்தில் 203 என்பது எவ்வளவு பெரிய எண் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கடைசியாக உங்களிடம் மூன்று வேண்டுகோள்.

ஒன்று, பட்டியல். 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கி, டிசம்பர் 19இல் வரைவுப் பட்டியல் வந்தபோது 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் அதில் இல்லை. இறந்தவர்கள், இரட்டைப் பதிவு ஒரு பக்கம். மிகப் பெரிய பகுதி, சொன்ன விலாசத்தில் இல்லாதவர்கள். அது யார்? வேலைக்காக ஊர்விட்டு ஊர் போன நம்மைப் போன்றவர்களும்தான். ஆதார் விலாசம் ஒரு ஊர், வாடகை வீடு இன்னொரு ஊர், ஓட்டு அப்பா வீட்டில். விழா முடிந்து போனதும் உங்கள் பெயர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். புதிதாகச் சேர 6ஆம் படிவம், விலாசம் மாற்ற 8ஆம் படிவம். வெளிநாட்டில் இந்தியக் குடிமகனாகவே இருக்கிறவர்கள் பாஸ்போர்ட்டில் உள்ள ஊர் விலாசத்தில் 6ஏ படிவம் கொடுத்துச் சேரலாம். ஓட்டுக்கு மட்டும் நேரில் வர வேண்டும்.

இரண்டு, உள்ளாட்சித் தேர்தல். அதை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம், அது தனி அமைப்பு. சட்டமன்றத்துக்கு வரிசையில் நிற்கிறவர்கள்கூட இதற்கு வருவதில்லை. ஆனால் அந்தக் கண்மாயை அசைத்தது யார்? எட்டாவது படித்த ஊராட்சித் தலைவர். 2025 ஜனவரியில் பெரும்பாலான மாவட்டங்களில் ஊராட்சிப் பதவிக்காலம் முடிந்து, மறுபடியும் தனி அலுவலர்கள் வந்தார்கள். தேர்தல் தள்ளிப்போகும்போது மனு யார் மேஜையில் கிடக்கும் என்பதை நீங்கள் இப்போது யோசித்துப் பார்க்கலாம்.

மூன்று, கதவு. தெருவிளக்கு உள்ளாட்சி. சின்னக் கண்மாய் ஒன்றியம், பெரிய கண்மாய் நீர்வளத் துறை. பட்டா வட்டாட்சியர். போலீஸ், மருத்துவமனை, விவசாயம் மாநிலம். ரயில், பாஸ்போர்ட் மத்திய அரசு. கல்வி 1976 வரை மாநிலப் பட்டியலில் இருந்தது, இப்போது இரண்டு பேருக்கும் பொது. இதைத் தெரிந்துகொள்ள இன்ஜினியரிங் படிப்பு தேவையில்லை. ஆனால் படித்த நாம் நம் அப்பா அம்மாவுக்கு, பக்கத்து வீட்டுக்காரருக்கு, ஊரில் இருக்கிற மாமாவுக்கு ஒரு மனுவைச் சரியான விலாசத்துக்கு எழுதிக் கொடுக்கலாம். "கவர்மெண்ட் சரியில்லப்பா" என்று வாட்ஸப்பில் போடுவதைவிட அது பிரயோஜனமான காரியம்.

யாராவது ஊரில் மடை ஒழுகுகிறது என்றால், ஆயக்கட்டு எத்தனை ஏக்கர் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு என்னிடம் வாருங்கள். எங்கள் கண்மாயாக இருந்தால் நான் பார்க்கிறேன். இல்லையென்றால் எந்த ஆபீசுக்குப் போக வேண்டும் என்று சொல்லி அனுப்புகிறேன்.

சாப்பாடு தயார் என்று செயலாளர் அண்ணன் சைகை காட்டுகிறார்.